ஃபஹீமாவுக்குப் பிடிக்காத நிறம்

கையுறையில் ஸ்பிரிட் அடித்துக்கொண்டு, உதட்டுக்குள் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிவிட்டுத்தான் ஃபஹீமா இன்குபேட்டர் கதவைத் திறப்பாள். உள்ளே குடுவைகளில் புற்றுநோய்ச் செல்கள் வளர்கின்றன. "பசிக்குதா? இருங்க, இருங்க" என்று பேசிக்கொண்டே பழைய ஊட்டக் கரைசலை எடுத்துவிட்டுப் புதியதை விடுவாள். பக்ரீத் அன்றுகூட பிரியாணியைப் பாதியில் விட்டு, சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து ஊட்டிவிட்டுப் போனவள்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகம் அது. நான் அங்கே கருவிகளைப் பழுதுபார்க்கப் போகிறவன், அவள் வாய்நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவன். அந்தச் செல்களைச் சிறு தட்டுகளில் எடுத்துவைத்து, செடிகளிலிருந்து பிரித்த பொருள்களை அவற்றின்மேல் விட்டுப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. பிறகு ஒரு மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். செல் உயிரோடிருந்தால் அது ஊதாவாகும். செத்திருந்தால் மஞ்சளாகவே நிற்கும். வேர், பட்டை, இலை என்று நாலு வருடமாக எதை விட்டாலும் ஃபஹீமாவுக்கு ஊதாதான். பெருநாளுக்கு அம்மா எடுத்துக்கொடுத்த ஊதா சுடிதாரை உடுத்தாமலே தங்கைக்குத் தள்ளிவிட்டாள். "அந்தக் கலரப் பாத்தாலே கடுப்பாவுதுண்ணா."

போன வருடம் ஹெப்சி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சொட்டு அளந்து விடும் பிப்பெட்டைப் பிடித்தால் கை ஆடும். சர்ச் பிக்னிக்குக்குக் கோவளம் போன இடத்தில், மணலில் படர்ந்திருந்த ஒரு கொடியைப் பிடுங்கி வந்தாள். அதிலிருந்து பிரித்ததை விட்ட முதல் தட்டே மஞ்சள்! ஆய்வகமே கைதட்டியது. "சூப்பர்டி" என்று ஃபஹீமாவும் தட்டினாள். ஹெப்சி நீட்டிய கேக்கை மட்டும் பல்வலி என்று மறுத்துவிட்டாள். மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "பிக்னிக் போனாண்ணா அவ. நான் நாலு வருஷத்துல எந்தப் பிக்னிக்காவது போயிருக்கேனா?"

பேராசிரியர் யக்ஞநாராயணன் சட்டென்று எதையும் நம்பாதவர். "இன்னொருத்தர் கையிலயும் இது வரணும். ஃபஹீமா, நீங்க திருப்பிப் பண்ணுங்க. உங்க கை சுத்தம்" என்றார்.

திருட்டைப் பிடிக்க வந்தவள்போல இறங்கினாள். கொடிப்பொருளைக் கரைத்த திரவமே செல்களைக் கொன்றிருக்குமோ? அதை மட்டும் தனியே விட்டாள், ஊதா. ஹெப்சியின் புட்டியில் ஏதாவது கலந்திருக்குமோ? தானே கோவளத்துக்கு பஸ் ஏறிப் போய், கொடி பறித்து வந்து, முதலிலிருந்து பிரித்து விட்டாள், மஞ்சள். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. "நல்ல செல்லையும் கொன்னா அது மருந்தில்ல, வெறும் விஷம்" என்று சொல்லிக்கொண்டே நல்ல செல்களில் விட்டாள். அவை பிழைத்துக்கொண்டு, பளிச்சென்று ஊதாவாக நின்றன.

அன்று மாலை, நான் ஒரு கருவியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் துஆ செஞ்சேண்ணா, சாகக்கூடாதுன்னு. கேன்சர் செல்லு சாகக்கூடாதுன்னு! எங்க பெரியம்மா கேன்சர்லதான் மவுத்தானாங்க."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் எல்லோர் முன்னாலும், "எல்லா விதத்துலயும் உடைக்கப் பாத்தேன் சார். உடையல" என்றாள்.

"தட்டுல செத்ததெல்லாம் மருந்தாயிடாது. இன்னும் ரொம்ப தூரம் போகணும்" என்றார் பேராசிரியர். "ஆனா, உங்களாலயே உடைக்க முடியலன்னா சரிதான்."

கூட்டம் கலைந்ததும் ஹெப்சி பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, உங்க தட்டைக் காட்டுங்கக்கா. ப்ளீஸ்."

ஃபஹீமா புதிய தட்டு ஒன்றை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். தான் முதலில் பார்த்தாள், நிதானமாக. பிறகு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்.

"கொஞ்சம் மங்கலா இருக்குக்கா" என்று ஹெப்சி கண்ணை எடுக்காமலே நுண்ணோக்கியின் குமிழைத் தேடினாள். ஃபஹீமாவின் கை அதன்மேல் ஏற்கெனவே இருந்தது. விலக்கிக்கொள்ளவில்லை. மங்கல் தெளியும் வரை தானே திருகினாள்.