நோர்வேக்குக் கொண்டுபோன சூடைமீன்

போன சனிக்கிழமை மகனின் பிறந்தநாளுக்காகப் பெற்றோல் நிலையத்தில் இரண்டு பை ஐஸ்கட்டி வாங்கிக் காரின் பின்பக்கம் வைத்தேன். வீடு வருவதற்குள் ஒன்று ஒழுகிவிட்டது. ஈரமான கார் விரிப்புக்கு ஒரு மணம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அதில் சூடைமீன் மணத்தது. இந்தக் காரில் சூடைமீன் ஏறியதே கிடையாது. ஏறியது அப்பாவின் பழைய காரில், 2003 யூலையில்.

வருடத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பயணத்துப் படங்களில் எல்லாம் வேறு வருடம் விழுந்திருக்கிறது. கெமராவுக்குப் பற்றறி மாற்றியபோது திகதியைச் சரிசெய்ய யாரும் நினைக்கவில்லை. பின்னாளில் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் திருத்தி எழுதினேன். வீட்டில் என்னைப் 'பதிவாளர் அம்மா' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். நாங்கள் இருந்த ஹனோவர் நகரம் வெயிலில் வெந்த அந்தக் கோடையை வேறு யார் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அந்த வருடந்தான் எங்களுக்கு ஜேர்மன் கடவுச்சீட்டுக் கிடைத்தது, இனி ஐரோப்பாவில் விரும்பிய நாட்டில் போய்க் குடியிருக்கலாம். அது கிடைத்த தமிழர்கள் அப்போது ஜேர்மனியில் நிற்கமாட்டார்கள். இந்த மாதம் ஒரு குடும்பத்துக்குப் பிரியாவிடைச் சாப்பாடு, அடுத்த மாதம் இன்னொரு குடும்பத்துக்கு. எல்லாரும் லண்டனுக்கு. அப்பாவுக்கும் கால் தரையில் தரிக்கவில்லை, ஆனால் அவருடைய திசை வேறு. நோர்வேயின் வடகோடியில், பனியாறு ஒன்று கடலை நோக்கி இறங்கும் இடத்துக்கு அருகே, மீன்பிடி ஊர் ஒன்றில் அவருடைய ஒரே தம்பி இருந்தார். (ஊரின் பெயரை எழுதவில்லை. தமிழர் வீடு இரண்டு மூன்றுதான், யாரென்று தெரிந்துவிடும்.) மீன் பதனிடும் ஆலையில் வேலை. "இஞ்சை வந்திடுங்கோ அண்ணை, ஆலையிலை கேட்டு வைச்சிருக்கிறன்" என்று சித்தப்பா ஞாயிறுதோறும் தொலைபேசியில் சொல்லுவார். பல வருடங்களாகச் சொன்னது. கடவுச்சீட்டு வந்ததும் அப்பா போவதென்றே முடிவு கட்டிவிட்டார்.

எனக்கு வயது பதினேழு. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செப்டெம்பரில் தொடங்க இருந்தது. எத்தனையோ கடைகள் இல்லையென்ற பிறகு கிடைத்த இடம். அதைச் சொன்னபோது அப்பா, "அங்கையும் ஆக்களுக்குக் கண் இருக்குத்தானே பிள்ளை" என்றார். பகிடியோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

ஆக, வெளியே சொன்னது விடுமுறை. போனது வீடு பார்க்க.

அம்மா போவோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தமிழ்க் கடைக்குப் போய் உறைந்த சூடைமீன் வாங்கி குளிர் போகாமல் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடுக்கினார். சித்தி, அதுதான் சித்தப்பாவின் மனைவி, "இஞ்சத்தை மீன் குழம்பு வைச்சால் வெந்த பஞ்சு மாதிரி அக்கா" என்று ஒருமுறை சொல்லியிருந்தாராம். மீன் ஆலை இருக்கிற ஊருக்கு மீன் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை என்றேன். அம்மா மூடியைச் சுற்றி இன்னொரு தடவை ஒட்டுநாடா ஒட்டினார்.

அந்த மீனைக் காப்பாற்றியதுதான் எங்கள் பயணக் கதை. சுவீடனின் காடுகள் முடிவதே இல்லை. பெற்றோல் நிலையம் வந்தால் ஐஸ் கேட்போம். ஐஸ் இல்லாத இடத்தில் உறைந்த பட்டாணிப் பைகளை வாங்கி மீனுக்கு மேல் போட்டோம். அப்பா இறங்கினாலும் இயந்திரத்தை நிறுத்தமாட்டார், காரைச் சுற்றிச் சுற்றி நடப்பார். "கொஞ்சம் இருங்கோவன்" என்று அம்மா சொன்னால், "அங்கை போய் இருப்பம்" என்பார். வடக்கே போகப் போக வெளிச்சம் அணையவில்லை, ஆகவே ஓடுவதை நிறுத்த அவருக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்ததும் சித்தி பெட்டியைத் திறந்தார். மீன் பாதி இளகியிருந்தது. குனிந்து மணந்துவிட்டு அப்படியே நின்றார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை ஏனக்கா இவ்வளவு தூரம்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அன்று அடித்த குழம்பு மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைச் சாத்தினார். அப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே இருந்து முள்ளை உறிஞ்சினார்கள். அப்பாவின் பேச்செல்லாம் வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், ஆலையின் வேலைநேரம். சித்தப்பா அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டபடியே இருந்தார்.

மறுநாள் சித்தப்பா தன்னோடு வேலை செய்பவரின் படகை இரவல் வாங்கி, அப்பாவையும் அம்மாவையும் என்னையும் ஏற்றிப் பனியாற்றைக் காட்டப் போனார். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓரமெல்லாம் அழுக்கு, வெடிப்புகளுக்குள் மட்டும் நீலம். அங்கிருந்து வந்த காற்று குளிர்பெட்டியின் கதவைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்தது. ஹனோவர் நூலகத்தில் படித்துவிட்டு வந்த கடற்பிராணிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாறைகளில் கடல்நாய்கள் கொழுத்த சாக்கு மூட்டைகள்போலக் கிடந்தன. அப்பா அவற்றைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளை வீடு காலியோ?"

சித்தப்பா இயந்திரத்தை நிறுத்தினார். "அண்ணை, நாங்கள் வாற தையிலை லண்டனுக்குப் போறம்."

 சித்தப்பாவே காரணங்களை அடுக்கினார். சித்தியின் சகோதரங்கள் எல்லாம் அங்கே, பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும், கோயில் வேண்டும், சித்திக்கு மாரிகால இருட்டுத் தாங்கவில்லை.

"எப்ப எடுத்த முடிவு?"

"மாசியிலை."

"மாசியிலை எடுத்த முடிவை இப்ப நடுக்கடலிலை வைச்சுச் சொல்லுறாய். இறங்கிப் போகவும் ஏலாது."

"போனிலை சொல்ல ஏலாமல் போச்சு அண்ணை. நீங்கள் அவ்வளவு சந்தோசமாக் கதைச்சியள்."

ஜேர்மனியின் ஹாலே நகரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து பாதிரிமார் அனுப்பிய கடிதங்களை வைத்திருக்கிறார்கள். பின்னாளில் ஒருமுறை பார்க்கப் போனேன். கப்பலில் பதில் போய்ச் சேருவதற்குள் கேட்டவரின் வாழ்க்கையே வேறாகியிருக்கும் என்று அங்கே நின்று நினைத்தேன். எங்களுக்கு ஞாயிறுதோறும் தொலைபேசி இருந்தது.

படகில் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான், அதை மறைப்பதற்கில்லை. கண்ணாடிக் கடை தப்பிவிட்டது. அம்மா போர்வையை இழுத்து என் கால்களையும் மூடினார். அப்பா கரையை விட்டுப் பாறைகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி, வந்தது வந்தாச்சு. கடல்நாய் எங்கையடா, காட்டு பாப்பம்."

சித்தப்பா எழுந்து நின்று விரலால் காட்டினார். அப்பா அவர் விரலின் வழியே வெகுநேரம் பார்த்தார். கெமராவை வாங்கி அவரே படமும் எடுத்தார். அந்தப் படத்தில் கடல்நாய் இல்லை, சித்தப்பாவின் கை மட்டும் இருக்கிறது.

சித்தப்பா சொன்னபடி தையில் லண்டன் போய்ச் சேர்ந்தார். ஆலையைச் சில வருடங்களில் மூடிவிட்டார்கள். அந்தக் கரையை இப்போது கணினியில் பார்த்தால், நாங்கள் பனி பார்த்த இடத்தில் வெறும் பாறை. நான் இன்றும் கண்ணாடிக் கடையில்தான்.

அவையெல்லாம் பிறகு நடந்தவை. முதலில் போனவை எங்கள் நிலவறையில் இருந்த பெட்டிகள். அந்நாளையில் எங்கள் ஆட்களின் வீடுகளில் எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் மட்டைப் பெட்டியை எறிவதில்லை. தொலைக்காட்சிக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, தையல் இயந்திரத்துக்கு ஒன்று, உள்ளே வந்த ரெஜிபோமும் கலையாமல். எப்போது கட்டிக்கொண்டு போகவேண்டி வருமோ? நோர்வேயிலிருந்து திரும்பிய வாரத்தில் அப்பா நிலவறைக்கு இறங்கிப்போய் அவற்றை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தட்டையாக்கினார்.  நான் ஒரு பக்கம் தூக்க, இருவருமாகப் பழைய கடதாசித் தொட்டிக்குப் பல நடை நடந்தோம். தொட்டி நிரம்பி மூடி கீழே இறங்க மறுத்தது. அப்பா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கவில்லை.