மூன்றாம் பேஸில் கேட்ட குரல்

நடேசண்ணே ரொட்டி வாங்குவதற்காக மூன்று வாரம் தினமும் பத்து நிமிடம் கூடுதலாக நடந்தார். எங்கள் தெருமுனையிலேயே நல்ல ரொட்டிக்கடை ஒன்று இருந்தது. ஆனால் அது ஹோர்ஸ்ட்டின் கடை. அந்த ஹோர்ஸ்ட், 1971 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடக் கூடாத நேரத்தில் ஓடிவிட்டார். அந்தக் குற்றத்துக்கு அவர் கையால் இனி ரொட்டி வாங்குவதில்லை என்று நடேசண்ணே தண்டனை விதித்தார். தண்டனை யாருக்கு என்பதுதான் சரியாக விளங்கவில்லை. அடுத்த தெருக் கடையின் ரொட்டியை மெல்ல நல்ல தாடை வேண்டும். சமையலறை பொது என்பதால் அதை நானும் சேர்ந்துதான் மென்றேன்.

பிராங்பேர்ட்டில் ஒரு விதவையின் வீட்டு மாடியில் எனக்கு ஒரு அறை, அவருக்கு ஒரு அறை. நான் கும்பகோணத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்தவன். அவர் எனக்கு ஒன்பது வருடம் முன்னால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து கடைசல் வேலை பழக வந்து, அப்படியே ட்ராம் சக்கரம் பழுதுபார்க்கும் பட்டறையில் நிலைத்துவிட்டவர். வயது முப்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஊரிலிருந்து பெண் பார்த்துக் கடிதம் வந்தால், "சீசன் முடியட்டும்" என்று பதில் எழுதுவார். ஊரில் அதை மழைக்காலம் என்று நினைத்திருப்பார்கள். அவர் சொன்னது பேஸ்பால் சீசனை.

சுன்னாகத்துக்காரருக்கு பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டிருக்கிறேன். வந்த முதல் வருடம் ஜெர்மன் மொழி ஒரு சொல்கூடத் தலையில் ஏறவில்லையாம். பட்டறையில் எல்லாரும் பேசிச் சிரிப்பார்கள், இவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாயங்காலம் அறைக்கு வந்து ரேடியோவைத் திருகினால் அமெரிக்கப் படைக்காரர்களின் நிலையம் கிடைக்கும். அதில் யாரோ இங்கிலீஷில் ஒரு ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டே இருப்பான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதருக்கு அதில் பாதி விளங்கியது, மீதியை ஒரு நோட்டில் படம் போட்டுப் போட்டுப் புரிந்துகொண்டார்.

"இந்த நாட்டிலை எனக்கு முதல் முதல் விளங்கினது அதுதான், தம்பி," என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் கேலி செய்யவில்லை.

பிறகு நிடா ஆற்றோரத்தில் ஒரு உள்ளூர்க் குழு ஆடுவது தெரியவந்தது. பெயர் ஃபால்கன்ஸ். ரொட்டி சுடுகிறவர், தபால்காரர், கூரை போடுகிறவர், இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள் என்று ஒரு கலவை. மைதானமும் வாடகைக்கு எடுத்த கால்பந்து மைதானம். நடேசண்ணே ஆறு வருடத்தில் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. மழை என்றால் குடை, வெயில் என்றால் தொப்பி, எப்போதும் ஒரு ஃப்ளாஸ்க் தேநீர். மூன்றாம் பேஸுக்குப் பின்னால், கோட்டிலிருந்து ஐந்து அடி தள்ளி, அவருக்கென்று ஒரு இடம்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: அடித்தவன் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அந்தப் புறப்பட்ட இடத்துக்கு ஹோம் என்று பெயர். மூன்று பேர் அவுட்டானால் அந்தப் பக்கத்தின் ஆட்டம் முடிந்தது. எனக்கும் இவ்வளவுதான் தெரியும். இதிலும் எத்தனை பேர் அவுட் என்பது அடிக்கடி மறந்துவிடும்.

அந்த ஞாயிறு சீசனின் கடைசி ஆட்டம். நானும் அவரோடு போயிருந்தேன். ஜெயித்தால் ஃபால்கன்ஸ் மேல் பிரிவுக்குப் போகும். கடைசிச் சுற்றில் எங்கள் பக்கம் ஐந்து, அவர்கள் ஆறு. மூன்றாம் பேஸில் ஹோர்ஸ்ட். அடிக்கப் போகிறவனோ குழுவிலேயே பெரிய அடிகாரன். ஹோர்ஸ்ட்டுக்குப் பக்கத்தில் தலைவர் வெர்னர் நின்றார். ஓடு, நில் என்று சொல்வது அவர் வேலை. எறிந்த பந்து, அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பிடிப்பவன் கையுறையில் பட்டு நழுவிப் பக்கவாட்டில் உருண்டது. அவன் உடம்பு மறைத்ததால், பந்து எவ்வளவு தூரம் போனது என்று ஹோர்ஸ்ட்டுக்குத் தெரியவில்லை. அவர் காலைத் தூக்கி, தயங்கி நின்றார். அடுத்த கணம் கண்ணை மூடிக்கொண்டு ஓடினார். பந்து இரண்டே அடிதான் உருண்டிருந்தது. பிடிப்பவன் சாவகாசமாக எடுத்து, ஓடி வந்தவரின் தோளில் தொட்டான். மூன்றாவது அவுட். ஆட்டமும் போச்சு, சீசனும் போச்சு.

நடேசண்ணே தேநீரைத் தரையில் ஊற்றிவிட்டு ட்ராம் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பேச்சு மறுநாள் தொடங்கியது. சமையலறை மேசையில் பருப்பைக் கொட்டி நாலு பேஸ் வைத்து, ஹோர்ஸ்ட்டுக்கு ஒரு மிளகாய் வற்றலை நிறுத்தி, எனக்கு விளக்கினார்.

"அவன் சும்மா நிண்டிருந்தால் காணும், தம்பி. சும்மா. மற்றவன் ஒரு அடி அடிச்சிருப்பான். ஏன் ஓடினவன்? ஆர் ஓடச் சொன்னது?"

"விடுங்க அண்ணே. கேம்தானே."

"கேமோ? ஆறு வரியம்! நீர் போன வரியம் வந்தனீர், உமக்கு விளங்காது."

வீட்டுக்கார அம்மாளுக்கும் விளக்கினார். பட்டறையில் விளக்கினார். ட்ராமில் முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு விளக்கினார். மூன்றாவது வாரம் மிளகாய் வற்றலைக் கண்டாலே எனக்கு எரிந்தது. இதற்கிடையில், ஃபால்கன்ஸ்காரர்களும் ஹோர்ஸ்ட்டோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி.

மூன்றாவது சனிக்கிழமை காலை, தாடை வலி பொறுக்காமல், திருட்டுத்தனமாக ஹோர்ஸ்ட்டின் கடைக்குப் போனேன். கடையில் வேறு ஆள் இல்லை. ஹோர்ஸ்ட் இளைத்திருந்தார். ரொட்டியைத் தாளில் சுற்றியவர் அதைக் கையிலிருந்து விடாமல் கேட்டார்.

"அன்றைக்கு நீங்கள் எனக்குப் பின்னால்தானே நின்றீர்கள்? யாராவது ஹோம் என்று கத்தியது உங்களுக்குக் கேட்டதா?"

இல்லை என்றேன். எனக்குக் கேட்கவில்லை என்பது அப்போது உண்மை.

"எனக்குக் கேட்டது. இரண்டு தரம். தெளிவாகக் கேட்டது. அதனால்தான் ஓடினேன். வெர்னரோ, தான் வாயே திறக்கவில்லை என்கிறார். எல்லாரும் நான் தப்பை மறைக்கப் பொய் சொல்கிறேன் என்கிறார்கள்." பிறகு, கடையின் உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் மனைவி காது வைத்தியரிடம் அழைத்துப் போனாள். காது நன்றாக இருக்கிறதாம். அதுதான் பயமாக இருக்கிறது. போரிலிருந்து வந்த என் அப்பாவுக்கும் இல்லாத குரல்கள் கேட்கும். கடைசி வரை கேட்டது."

"எப்படிக் கேட்டது?" என்றேன்.

அவர் மூக்கால் இழுத்து, ஹோமின் முதல் ஒலியை விழுங்கிவிட்டுச் சொல்லிக் காட்டினார். இரண்டு தரம். எங்கேயோ கேட்டது போலிருந்தது. பிடிபடவில்லை. ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நடேசண்ணே சமையலறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"டீ போடட்டுமா, அண்ணே?"

"ஓம், ஓம்," என்றார் பத்திரிகையிலிருந்து தலை எடுக்காமல்.

ரொட்டி அறுத்த கத்தி என் கையில் அப்படியே நின்றது. எங்கள் ஊரில் ஆமாம் என்பதை யாழ்ப்பாணத்தில் ஓம் என்பார்கள். வந்த புதிதில், என்ன அண்ணே, பூஜை பண்றீங்களா என்று அதை எத்தனை தரம் கேலி செய்திருப்பேன். அந்த ஞாயிறு, பந்து நழுவிய அந்த நொடியில், ரெண்டு அவுட் ஆயிடுச்சா அண்ணே என்று கேட்டவன் நான். அது நாலாவது தரம். எரிச்சலில் அவர் பெருங்குரலில் கத்தினார். ஓம்! ஓம்!

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. அந்த மனிதர் தன் குழுவைத் தானே கவிழ்த்தார் என்று எப்படிச் சொல்வது? ஆனால் தெருமுனையில் இன்னொரு மனிதர் தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்துகொண்டு மாவு பிசைகிறார். சொன்னேன்.

முதலில் வெடித்தார். "நீர்தானே கேட்டனீர்! நாலு தரம் ஆர் கேட்டது? எண்ணத் தெரியாதவர் என்னத்துக்கு ஆட்டம் பார்க்க வாறது?"

"என் மேலயும் தப்புதான், அண்ணே."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் அந்த மிளகாய் வற்றல் இன்னும் கிடந்தது. அதை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். கண் கலங்கியிருந்தது.

"மூண்டு கிழமையா அந்த மனிசனை நான் எவ்வளவு திட்டினனான்," என்றார். "எழும்பும். போவம்."

கடையில் இப்போது ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். நடேசண்ணே கடைசியில் நின்றார், நான் அவர் பின்னால். முறை வந்ததும் ஹோர்ஸ்ட்டின் முகம் இறுகியது. மூன்று வாரம் தன் கடை வாசலைத் தாண்டி வேறு கடை ரொட்டியோடு போன மனிதர் அல்லவா.

"என்ன வேண்டும்?"

"என்னிடம் ஒரு கேள்வி கேளுங்கள்," என்றார் நடேசண்ணே தன் ஜெர்மனில். "நான் ஆமாம் என்று பதில் சொல்லும்படி ஒரு கேள்வி."

ஹோர்ஸ்ட் என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரொட்டி வேண்டுமா?" என்று கேட்டார் ஹோர்ஸ்ட், சலிப்போடு.

நடேசண்ணே நிமிர்ந்து நின்று, மைதானத்தில் கத்திய அதே குரலில் சொன்னார்.

"ஓம்! ஓம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. ஹோர்ஸ்ட்டின் கையிலிருந்த ரொட்டி பலகையில் விழுந்தது.

"இன்னொரு தரம்," என்றார் மெதுவாக.

"ஓம், ஓம். என் மொழியில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். இவர் ஏதோ கேட்டார், நான் ஆமாம் என்றேன். வெர்னர் இல்லை. நான்தான். என்னை மன்னிக்க வேண்டும்."

கோபப்படுவார், கத்துவார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். ஹோர்ஸ்ட் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "கெர்டா! கெர்டா, இங்கே வா! எனக்குக் கேட்டது! உண்மையாகவே கேட்டது!" கை முழுக்க மாவோடு மனைவி ஓடி வந்தாள். "இவரைக் கேள். ஏதாவது கேள், ஆமாம் என்று சொல்கிற மாதிரி." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டாள். மழை பெய்யவில்லை. ஆனாலும் நடேசண்ணே ஓம் என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரிக்க, ஹோர்ஸ்ட் இடுப்பில் கட்டிய துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன், அதற்கென்ன.

அன்று சாயங்காலமே வெர்னர் வீட்டுக்கும் போய் நடேசண்ணே ஓம் சொல்லிக் காட்டினார். ஹோர்ஸ்ட் குழுவில் நிலைத்தார். நல்ல ரொட்டியும் எங்கள் சமையலறைக்குத் திரும்பியது.

அடுத்த சித்திரையில் புது சீசன் தொடங்கியது. அதே இடம், அதே ஃப்ளாஸ்க். ஆனால் மைதானத்துக்குள் கால் வைத்ததும் நடேசண்ணே வாயைக் கட்டிக்கொண்டார். நான் எதைக் கேட்டாலும் கஷ்டப்பட்டு, கும்பகோணத்துக்காரன் மாதிரி, "ஆமா" என்பார். அவர் வாயில் அது பொருந்தவே இல்லை. கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கேலி செய்து செய்து, ஒரு மனிதரின் சொல்லைப் பறித்துவிட்டேனோ என்று தோன்றியது.

முதல் ஆட்டம் கடைசிச் சுற்றுவரை சமமாகப் போனது. மூன்றாம் பேஸில், வேறு யார், ஹோர்ஸ்ட்தான். பந்து எங்கேயோ பறந்தது. வெர்னர் தொண்டை கிழியக் கத்தினார்: "ஹோம்! ஹோம்!" ஹோர்ஸ்ட் ஓடவில்லை. சந்தேகத்தோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நடேசண்ணே துள்ளி எழுந்தார். "நானில்லை! நானில்லை!" என்று தமிழில் கத்தி, இரண்டு கையாலும் வெர்னரைக் காட்டி, பிறகுதான் ஜெர்மன் ஞாபகம் வந்து, "அது அவர்! ஓடுங்கள்!" என்றார். ஹோர்ஸ்ட் ஓடினார். பந்தும் வந்தது, அவரும் வந்தார், தூசிக்குள் கை நீட்டி விழுந்தார். நடுவர், அவுட் இல்லை என்று இரண்டு கையையும் அகல விரித்தார். எல்லாரும் அவர்மேல் போய் விழுந்தார்கள்.

"ஜெயிச்சிட்டோமா, அண்ணே?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கழுத்தை நீட்டி மூன்றாம் பேஸைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

"ஓம்!" என்றார், ஆற்றங்கரை முழுக்கக் கேட்க. "ஓம்! ஓம்!"