எங்க காலேஜ் பிட்சர் குமரவேல்

குமரவேல் போயிட்டான். இன்னைக்குக் காலையில... ஹார்ட் அட்டாக்.

விழுப்புரம் பக்கம் கணக்கு புரொபசர்னு பல பேருக்கு அவனைத் தெரியும். எனக்கு அவன் எங்க திண்டிவனம் காலேஜ் பேஸ்பால் டீமோட பிட்சர், பந்து போடறவன். அதை உக்காந்து பிடிக்கிற கேட்சர் நான்.

உண்மையைச் சொல்றேன், மாலை வாங்கிட்டு அவன் வீட்டுக்குப் போற வழியிலகூட வயிறு எரிஞ்சுது. பேஸ்புக் பூரா அவன் போட்டோதான்.

முதல்ல நான்தான் பிட்சர். அப்புறம் கெடார்லேர்ந்து இவன் வந்தான். மல்லாட்டைக் கொல்லையில, அதான் வேர்க்கடலைக் காட்டுல, கல்லு விட்டுக் காக்கா ஓட்டின கை... ஒரே ஒரு பந்துதான் போட்டான். பி.டி. சார் கேட்சர் மாஸ்க்கை எடுத்து என் கையில கொடுத்துட்டார்.

சரி, ஆட்டம் அவனுக்கு, படிப்பு நமக்குன்னு தேத்திக்கிட்டேன். எங்கே... மேட்ச்சுக்குப் போற ரயில்ல நாங்க கூத்தடிப்போம், இவன் கிட் பேக் மேல புக்கை வெச்சு கணக்கு போடுவான்.

யுனிவர்சிட்டி டீம்ல இடம், கணக்குல கோல்டு மெடல், ரெண்டும் ஒரே வருஷம். அந்த வருஷம் எனக்கு அரியர்.

ஒலக்கூர்ல எங்க அப்பா சோத்துல கை வெச்சுக்கிட்டே கேட்டார். "நீயும் அதே வெயில்லதானடா ஆடிக்கினு இருந்த?"

அவன் அலட்டியிருந்தா நாலு வார்த்தை திட்டியாவது ஆத்திருப்பேன். அதுவும் கிடையாது. அவன் பந்தைப் பிடிச்சு என் கை வீங்கினா, அவனே ஓடிப்போய் ஐஸ் வாங்கிட்டு வருவான். நல்லவனாவும் இருந்து தொலைச்சான்... அதுதான் பெரிய பேஜாரு.

அவன் தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தாங்க. அவன் முகம், பக்கத்துல கிரிக்கெட் பேட், மூணு ஸ்டம்ப்.

சத்தியமா ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. இவன் என்ன ஆடினான்னு இவன் ஊருக்கே தெரியல பாருன்னு.

அப்புறம் தாங்கல. வண்டியை எடுத்துட்டு நேரா அந்த பேனர் அடிச்ச பிளெக்ஸ் கடைக்குப் போய், அவன் ஆடினது பேஸ்பால், மாத்தி அடிங்கன்னேன்.

ரெண்டும் பேட்டுதானே சார், யார் பார்க்கப் போறாங்கன்னு கடைக்காரர் இழுத்தார். நான் விடல. அவன் பந்து போடற போட்டோ என் போன்ல இருந்தது. ஏன் இத்தனை வருஷம் வெச்சிருந்தேன்னு கேக்காதீங்க.

எனக்குப் பின்னாடி நின்னு யாரோ எடுத்தது. காலைத் தூக்கி, கையை ஓங்கி, நேரா பார்த்துக்கிட்டு நிக்கிறான் அவன்.

கடைக்காரர் பெருசு பண்ணிப் பார்த்தார். "சார், முன்னாடி ஒருத்தரு முதுகைக் காட்டிக்கினு குந்திக்கினு இருக்காரு. அவரை எடுத்துட்டு அடிக்கட்டுமா?"

"வேணாங்க. அவரு இருக்கட்டும்."

பழைய பேனரை அவுத்துட்டு இதைக் கட்டியாச்சு. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு அவனைத்தான் பார்க்கறாங்க.

பார்க்கட்டும்.

தோளுக்கு ரெஸ்ட் குடுடா, குமரவேலு...