கரும்புக் கத்திக்கு உறை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் நான் கச்சிராயபாளையத்தில் கிணற்று மோட்டார்களுக்குப் பைப் பொருத்தும் வேலை பார்த்தேன். என் மனைவியின் அண்ணன் கரும்பு வெட்டப் போவார். கத்தியைச் சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் எடுத்துப்போவது வழக்கம். ஒருநாள் சாக்கைக் கிழித்துக்கொண்டு முனை வெளியே வந்து, பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளின் காலைக் கீறிவிட்டது. இனி உறை போட்டுக் கொண்டுவந்தால்தான் ஏற்றுவேன் என்று கண்டக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பஸ் இல்லையென்றால் மச்சானுக்கு வேலை இல்லை.

மீந்துபோன பிவிசி பைப் துண்டு என்னிடம் இருந்தது. நீளவாக்கில் பிளந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு இளக்கி, கடப்பைக் கல்லுக்கடியில் வைத்து அழுத்தினேன். ஆறியதும் தட்டையாகிவிட்டது. இரண்டு தகட்டைச் சேர்த்து, ஓரமாக ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் தைக்க வேண்டும்.

"ஆணியக் காய்ச்சிக் குத்து மாப்ள, போதும்" என்றார் மச்சான்.

எனக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சிய ஆணியால் குத்தினால் ஓட்டையைச் சுற்றி உருகிக் கட்டிகட்டியாக நிற்கும். வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். கையால் சுற்றும் டிரில்லை எடுத்தேன். முதல் தகட்டில் டிரில்லின் பிட்டு அடிப்பக்கம் வெளியேறும்போது விரிசல் விட்டது. அவசரப்பட்டு அழுத்திவிட்டேன். அடுத்த தடவை அடியில் பலகை கொடுத்து, இரண்டு தகட்டையும் இறுக்கிக் கட்டி, சின்ன பிட்டால் வழி செய்துவிட்டுப் பெரிய பிட்டை மெதுவாகச் சுற்றினேன். சீவல் சுருள்சுருளாக வந்தது. எல்லா ஓட்டையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, பிசிறு கிடையாது. மச்சான் விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்தியவிட உறைக்கு மவுசு ஜாஸ்தி" என்று கிண்டல் பண்ணினார்.

அதற்குள் போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டதில் சில நாட்கள் பஸ் ஓடவில்லை. மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, சின்னசேலம் போகிற வழியில் போலீஸ் சோதனை. பின்னால் டிராக்டரில் வெறுங்கத்தியோடு வந்த வெட்டுக்காரர்களைத் திட்டி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் உறையோடு வந்த மச்சானை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

கேள்விப்பட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதிகாரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரும்பு வெட்டுற கத்திக்கு எவன்டா இப்படி உறை போடுவான்? ஓட்டையப் பாரு, மிஷின்ல போட்ட மாதிரி. எவனோ பட்டறை வச்சி கூட்டத்துக்கே செஞ்சி குடுத்துக்கினு இருக்கான். யார்ரா அவன்?"

மச்சான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"சந்தையில வாங்கினதுங்க. வித்தவன் யாருன்னு தெரியாதுங்க."

நான்தான் செய்தேன், வேண்டுமானால் இங்கேயே இன்னொன்று செய்து காட்டுகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பயம்தான், வேறு காரணம் எதுவும் கிடையாது.

"நீ இன்னா வேணும் இவனுக்கு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"இவரு தங்கச்சி வூட்டுக்காரன்ங்க" என்றேன். அதோடு சரி.

மச்சானைப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் என் மனைவி ஒரே கேள்வியைக் கேட்டாள். உறையைச் செய்தது நான்தான் என்று ஸ்டேஷனில் சொன்னேனா? நான் எதையாவது சொல்லி நழுவிக்கொண்டே இருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெளியே வந்த அன்று மச்சான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் மனைவி கரண்டியைப் பிடித்தபடி அண்ணனிடம் அதையே கேட்டாள்.

"மாப்ள அன்னிக்கே சொன்னாரு. அவங்கதான் நம்பல" என்றார் மச்சான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அவள் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.