வாசலின் குறுக்கே ஒரு தண்டவாளம்

யுத்தம் முடிந்து திரும்பிய அண்ணா, எங்கள் மயிலாப்பூர் வீட்டின் நடு அறையைத் தனக்கென்று கேட்டான். அஸ்ஸாம் பக்கம் ராணுவத்துக்கு ரயில் பாதை போட்ட பிரிவில் இருந்தவன் அவன். போவதற்கு முன் ஓயாமல் பேசி, வீட்டில் வேறு ஒருவரையும் பேசவிடாதவன். வந்த பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அவன் வாய் திறந்து ஒன்றைக் கேட்டதே போதும் என்று அப்பா உடனே சம்மதித்தார்.

அந்த அறையில்தான் அம்மாவின் மடிக் கொடி, யார் கையும் படாமல் அவள் புடவை உலரும் கொடி, இருந்தது. உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் மூங்கில். தினமும் காலையில் குளித்துவிட்டு, ஈரப்புடவையோடு, எதன்மீதும் எவர்மீதும் படாமல் அம்மா அங்கே வருவாள். முந்தின நாள் உலர்த்திய புடவையை நீண்ட கோலால் எடுத்துக்கொண்டு திரும்புவாள். அதை உடுத்திய பிறகே அடுப்பு எரியும்.

மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடையொன்றிலிருந்து அண்ணா ஒரு தகர எஞ்சினும், சில பெட்டிகளும், ஒரு கோணி நிறையத் தண்டவாளத் துண்டுகளும் கொண்டுவந்தான். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின். சுவரோரமாகப் பலகை அடித்து அதன்மேல் பாதை போட வேண்டும். ரயில் நிற்காமல் சுற்றி வர வேண்டும் என்றான். அறைக்கு ஒரே வாசல். சுற்றி வரும் பாதை எப்படியும் அதைக் கடந்தாக வேண்டும்.

"இடுப்பு உயரத்துல குறுக்கே பலகை போட்டா நான் எப்படிடா உள்ள வருவேன்? ஈரப்புடவையோட குனிஞ்சு தவழ்ந்து வரணுமா?" என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க வரவாளையும் அப்படியே குனிஞ்சு வரச் சொல்லிடலாம். அப்பவே நமஸ்காரம் பண்ணின மாதிரி ஆயிடும்" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை. "சரி, வாசல் நிலைக்கு மேலாக் கொண்டு போயேன்" என்றார் பிறகு.

"ஏத்தம் தாங்காது" என்றான் அண்ணா.

செய்யுளை அலகிட்டுப் பழகிய எனக்குக் கணக்கு அந்நியமன்று. சாவி கொடுக்கும் ஸ்டேஷன் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஐம்பது அங்குலம் ஓடினால் ஓர் அங்குலம் ஏறலாம். அதற்கு மேல் அந்த எஞ்சின் இழுக்காது. நிலைக்கு மேலே போக, வாசலைத் தொடாமல் மற்றச் சுவர்களிலேயே வளைந்து திரும்பி, அறையை மூன்று முறைக்கு மேல் சுற்றும் தூரம் ஏற வேண்டும். படம் வரைந்து அவனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"ஏறிடும். திரும்ப இறங்கி வரணுமே?"

"அதே சரிவுதானே, அண்ணா?"

"ஏறும்போது சுமைக்கு மூச்சு முட்டும். இறங்கும்போது அதுக்குக் கண்ணு தெரியாது. மலைப் பாதையில ஒரு தடவை பாத்துட்டேன். கீழே ஆட்கள் வேலை பண்ணிண்டிருந்தா." படத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டான். பாதை முழுவதும் சமதளமாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

ஆகவே வாசலின் குறுக்கே இடுப்பு உயரத்தில் கீல் வைத்த பலகை வந்தது. ரயிலை நிறுத்திவிட்டுப் பலகையைத் தூக்கினால் ஆள் போகலாம். மடியோடு வரும் அம்மா அதைத் தொட முடியாது. அவள் வரும்போதெல்லாம் அண்ணா தூக்கிப் பிடித்தான். "நகருடா, படப்போறே" என்பாள் அவள். "படலைம்மா, போ" என்பான் இவன். அவனுடைய அன்றைய பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

சில வாரங்களில் அம்மாவுக்கு அவன்மேல் இரக்கம் மிகுந்துவிட்டது. உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எத்தனை தடவைதான் எழுந்து வரச் செய்வது என்று கொடியை அவிழ்க்கச் செய்து, பின்கட்டில் கட்டிக்கொண்டாள். அது நல்ல ஏற்பாடென்றே எல்லோரும் நினைத்தோம். பலகையைத் தூக்க இனி ஒரு காரணமும் இல்லை என்பதை நினைக்கவில்லை.

பலகை இறங்கியபடியே நின்றது. சாப்பாட்டுக்கு வரச் சொன்னால், "அப்புறம்" என்று உள்ளிருந்து குரல் வரும். தட்டைப் பலகையோரம் வைத்துவிட்டு வருவேன். பாதி தின்று திரும்பும். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது கேட்கும் தகரச் சத்தம், மாலையில் திரும்பும்போதும் கேட்கும். சவரம் செய்துகொள்வதை விட்டான். ஒரு நாள் அப்பா அந்த அறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா திரும்பி வந்து, செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நாங்கள் எழுவதற்குள், அண்ணா கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா யாரையோ விட்டுக் கொடியைப் பழைய இடத்திலேயே கட்டச் செய்து, உலர்ந்த புடவைகளையும் கோலால் அதற்கு மாற்றியிருந்தாள். குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்து பலகையின் முன்னே நின்றாள். உள்ளே ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுடா, நான் வரணும்."

"பின்கட்டுல கட்டியிருந்தியே?"

"அங்க காக்கா தொட்டுடறது."

நான் பலகையைத் தூக்கப் போனேன். "நீ விடு. அவன் எடுக்கட்டும்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

ரயில் பலகையைக் கடந்து போயிற்று. இன்னொரு சுற்றும் வந்தது. அவள் நகரவில்லை; புடவையிலிருந்து நீர் சொட்டித் தரையில் ஓடியது, தோள்கள் நடுங்கின. மார்கழிக் குளிர் அது.

"ஜுரம் வரப்போறதும்மா."

"வரட்டும்."

அண்ணா எழுந்தான். ஓடிவந்த எஞ்சினை ஒரு கையால் பற்றித் தூக்கினான். பெட்டிகள் கழன்று பக்கவாட்டில் சாய்ந்தன. அவன் கையில் சக்கரங்கள் சுழன்றுகொண்டேயிருந்தன. மறு கையால் பலகையை உயர்த்தி, அவள்மேல் பட்டுவிடாதபடி சுவரோடு ஒட்டி நின்றான். அம்மா அவசரமில்லாமல் உள்ளே போனாள். கோலை எடுத்து, கொடியில் எந்தப் புடவை என்று தேர்ந்தெடுக்கச் சற்று அதிகமாகவே நேரம் எடுத்துக்கொண்டாள்.