சிவந்த கண்களும் என் ஃப்ளாஷ் கேமராவும்

பகலில் படம் எடுக்கிறவனுக்கு மழை ஒன்றுதான் பயம். இருட்டில் படம் எடுக்கிறவனுக்குத் தான் எடுத்த படமே பயம்.

கொடைக்கானலில் பகல் முழுக்க ஏரிக்கரைப் போட்டோக்காரர்களுக்குச் சொந்தம். குதிரை, படகு, தேனிலவு ஜோடி எல்லாம் அவர்கள் கணக்கு. அவர்கள் கடையைக் கட்டிய பிறகு மிச்சமிருக்கும் இருட்டுதான் என் பங்கு: விடியாத முகூர்த்தம், விளக்கு வைத்த பின் வளைகாப்பு, ஜன்னல் சாத்திய அறையில் சாவு. தொழிலை யாரிடமும் படித்தவனில்லை நான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு லாட்ஜில் இரவுக் காவலுக்கு இருந்தேன். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தலையிலேயே ஃப்ளாஷ் வைத்த ஒரு கேமராவை என்னிடம் விற்றுவிட்டுப் போனார். கூடக் கொடுத்த புத்தகம் என்ன பாஷை என்று கேட்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

ஃப்ளாஷ் அடித்துப் பிழைத்த அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தப்புச் செய்துதான் படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு பெண்ணின் கல்யாணமே நிற்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நடந்த இரண்டைச் சொல்லாவிட்டால் அது விளங்காது.

ஆரஞ்சு விளக்கு

முதல் வேலை செண்பகனூரில் ஒரு வளைகாப்பு. ஒரு தரம் ஃப்ளாஷ் அடித்ததும் கேமராவுக்குள் கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் பின்பக்கம் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். எரிந்தால்தான் அடுத்த அடிக்குத் தயார் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. ஏதோ எச்சரிக்கை விளக்கு, எரியும்போது தொடக்கூடாது என்று நானாக முடிவு செய்துகொண்டு, அது அணைந்திருக்கும்போது மட்டும் பார்த்துப் பார்த்து அழுத்தினேன்.

ஃபிலிம் ரோலை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினால் மதுரையில் கழுவிக் கலர்ப்படமாகத் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் சோறு இறங்காது. வந்த படங்களில் குத்துவிளக்குச் சுடர் தெரிந்தது, வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. அந்த வீட்டு மாமியார் ஒவ்வொன்றாக வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் ஓடுவதற்குத் தோதாக வாசற்படியிலேயே நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. “ஏந்தம்பி, அன்னைக்கு எங்க வீட்ல கரண்டு போகலையே. ஒங்க பொட்டிக்குள்ளதான் போயிருக்கு போல.”

பனி

விளக்கு எரியக் காத்திருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டு பூண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வெள்ளனே, விடிவதற்கு முன்னால் முகூர்த்தம். வீட்டு முன்னால் பந்தல். பந்தலுக்குள்ளேயே பனி புகுந்து பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. இருட்டைப் போக்குகிற ஃப்ளாஷ் பனியைப் போக்காதா என்று நினைத்து, சுவிட்சை முழு வெளிச்சத்துக்குத் தள்ளி அடித்தேன். அடிக்க அடிக்க ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி என் முகத்திலேயே அறைந்தது.

படங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வந்தன. பனியில் ஃப்ளாஷ் அடித்தால் அது ஆளைப் போய்த் தொடாது, பனியைத்தான் காட்டும் என்று அன்று தெரிந்தது. மாப்பிள்ளை நாலு சொந்தக்காரர்களோடு லாட்ஜுக்கே வந்துவிட்டார். மேஜைக்குக் கீழே டார்ச் லைட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் அழுகிற குரலில் கேட்டார்: “நாளைக்கு எம்பிள்ள வந்து, ஒன் கல்யாணத்துக்கு நீ போனியாப்பான்னு கேட்டா, நான் என்னத்தண்ணே காட்டுறது?”

கவுஞ்சியில் ஒரு மத்தியானம்

ஆக, பனி இருந்தால் வெளியே எடுக்காதே. விளக்கு எரியும்வரை ஆளை அசையவிடாதே. இந்த இரண்டு பாடமும் சேர்ந்துதான் மூன்றாவதைக் கெடுத்தன.

மாரிமுத்து சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். கவுஞ்சியில் காரட் காட்டில் கூலி வேலை. அவர் மகள் செல்வராணிக்கு இரண்டு வரன் வந்து, ‘சிலோன்காரங்க, பூர்வீகம் தெரியல’ என்று நின்றுபோயிருந்தது. மூன்றாவதாகப் பழனியிலிருந்து ஒன்று வந்தது. அடிவாரத்தில் தேங்காய் பழக்கடை வைத்திருக்கும் தண்டபாணி. அவருடைய அம்மா, முதலில் கலரில் ஒரு படம் அனுப்புங்கள், பிடித்திருந்தால் வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டிருந்தார். “தம்பி, இதுவும் போச்சுன்னா இன்னொருத்தன் இந்த மலையேறி வரமாட்டான்” என்றார் மாரிமுத்து.

மத்தியானம்தான், ஆனால் வெளியே பனி கட்டி நின்றது. அதனால் வீட்டுக்குள் உட்கார வைத்தேன். பனி உள்ளே வரக்கூடாதென்று, இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தினேன். “கேமராவையே பாரும்மா, கண்ண எடுக்காத” என்று சொல்லிவிட்டு ஆரஞ்சு விளக்குக்குக் காத்திருந்தேன். அந்தப் பிள்ளை அந்த இருட்டில் இமை கொட்டாமல் பார்த்தது.

மதுரையிலிருந்து கவர் வந்த காலை, நான் பிரிப்பதற்குள் மாரிமுத்து வாங்கி, தானும் பிரிக்காமலேயே பழனி பஸ் ஏறிவிட்டார். மறுநாள் திரும்பி வந்து படத்தை என் மேஜையில் வைத்தார். சேலைக்கரை, தோடு, நெற்றிப் பொட்டு எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்திருந்தன. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கங்கு. தண்டபாணியின் அம்மா சொன்னதை மாரிமுத்து அப்படியே சொன்னார்: “பொண்ணு பாக்கலய்யா இது. பொண்ணுக்குள்ள இருந்து வேற என்னமோ பாக்குது.”

கண்ணாடிக்கு ஒரு துண்டு

அன்று ராத்திரிக் காவலில் அந்தப் படத்தைக் கவிழ்த்துத்தான் வைத்தேன். கவிழ்த்து வைத்த பிறகும் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கேமராவைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள். காரணம் தெரியாதவரைக்கும் எனக்கும் அது பேய்தான்.

நாலு நாள் கழித்துக் கவுஞ்சிக்குப் போனேன். படம் எப்படி வந்ததென்று ஊருக்கே தெரிந்திருந்தது. குழாயடியில் செல்வராணியைக் கண்டதும் குழந்தைகள் வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கின்றன. காட்டு வேலைக்கும் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் முகம் பார்க்கும் கண்ணாடிமேல் ஒரு துண்டு தொங்கியது. பெண்ணின் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு. என்னைக் கண்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள், என்மேல் கோபத்தால் என்று நினைத்தேன். தன் கண் பட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்திருக்கிறாள். தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: “எனக்கு வெளங்கலண்ணே. நான் தூங்குனப்புறந்தான் கண்ணு இப்பிடி ஆகுதா? ராத்திரியில அம்மா ஏன் தூங்காம என்னயவே பாத்துக்கிட்டுக் கெடக்கு?”

அடிவாரத்தில் ஒரு விசாரணை

நான் எடுத்த பழைய கலர்ப்படங்களையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். டியூப் லைட் எரிந்த வீடுகளில் எடுத்தவை நன்றாக இருந்தன. மங்கிய வெளிச்சத்தில், நேராகக் கேமராவைப் பார்த்தவர்களுக்கு மட்டும் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி. என் மனைவிக்கும் இருந்தது! இத்தனை நாள் பார்த்தும் பார்க்காத புள்ளி. கேமராவை விட்டுத் தள்ளித் தனியாகப் பிடிக்கிற பெரிய ஃப்ளாஷில் இப்படி வருவதில்லை என்று ஏரிக்கரைக்காரர் ஒருவர் சொன்னார். என்னுடையதில் ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருக்கிறது. இருட்டில் கண்மணி விரிந்து கிடக்கிறது. வெளிச்சம் நேராக உள்ளே போய், உள்ளே இருக்கும் சிவப்பை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. இவ்வளவுதான் சங்கதி.

மனைவியின் படத்தையும் பூட்டி வைத்த கேமராவையும் எடுத்துக்கொண்டு மாரிமுத்துவோடு பழனிக்குப் போனேன். தேங்காய்க் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த தண்டபாணியின் அம்மாவிடம் படத்தை நீட்டி, “பாருங்கம்மா, இது என் வீட்டுக்காரி. இவளுக்கும் செவப்புதான். கோளாறு கேமராவோடதும்மா” என்றேன். வழக்கை ஜெயித்துவிட்ட தைரியத்தில் நிமிர்ந்து நின்றேன். அந்த அம்மா படத்தை விரல் நுனியால் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பரிதாபமாக என்னைப் பார்த்தார். “ஐயோ தம்பி, ஒங்க வீட்லயும் இருக்கா? எத்தன நாளா இருக்கு?”

கெட்டுப்போக வேண்டிய படம்

அப்போதுதான் கடைக்குள்ளிருந்து தண்டபாணி வாயைத் திறந்தார். “அப்ப எங்களயும் அதே கேமராவுல எடுங்கண்ணே. பாத்துருவோம்.” அம்மா முணுமுணுத்தார், மகன் விடவில்லை. கடைக்குப் பின்னால் சாமான் வைக்கிற அறை. கதவைச் சாத்தினோம். விபூதி வாசமும் அழுகின வாழைப்பழ வாசமும் கலந்த இருட்டு. அம்மாவை மூட்டைமேல் உட்கார வைத்து, நான் சுவரோடு சுவராக ஒட்டித் தள்ளி நின்றேன். தூரமாக நின்றால் சிவப்பு கூடும் என்று என் கணக்கு. படம் நன்றாக வரக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டு அழுத்தியது அன்று ஒரு நாள்தான். அம்மாவை, மகனை, சேர்த்து இரண்டு பேரை, கடைசியில் மாரிமுத்துவை.

அடுத்த ஒரு வாரமும் மதுரை பஸ் வருகிற நேரமெல்லாம் போய் நின்றேன். அம்மாவின் கண் சிவக்காமல் போனால்? மாரிமுத்துவுக்கு மட்டும் சிவந்தால்? அப்புறம் அந்தக் குடும்பமே கவுஞ்சியில் இருக்க முடியாது. கவர் வந்ததும் பிரிக்கப் பயந்து என் மனைவியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். எல்லோருக்கும் சிவப்பு. அம்மாவுக்குத்தான் ஜாஸ்தி.

நானும் மாரிமுத்துவும் வெரசாக பஸ் பிடித்துப் பழனிக்கு இறங்கினோம். படத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. “அந்தப் பொண்ணு படத்தக் கையால தொட்டேன்டா. அன்னைக்கே எனக்கும் ஏறிருச்சு!” என்று புடவைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டார். மாரிமுத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்டபாணி படங்களை அடுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எடைக்கல்லைத் துடைத்தபடியே சொன்னார்: “ஒனக்கும் ஏறிருச்சு, எனக்கும் ஏறிருச்சு. இனிமே அவ வந்து புதுசா என்னம்மா கொண்டாந்துரப் போறா? வரட்டும்.”

மணவறை

கல்யாணம் பழனியில், ஒரு சின்ன மண்டபத்தில். இருந்த டியூப் லைட் அத்தனையும் போடச் சொல்லி, போதாதென்று இரண்டு பெட்ரோமாக்ஸும் ஏற்ற வைத்தேன். வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் பாயாமல் இருக்க ஃப்ளாஷை ஒரு மெல்லிய வெள்ளைத் தாளால் மூடி ஒட்டினேன். எல்லாம் செய்தும் என்ன? சம்பந்தி வீட்டில் கதை பரவியிருந்தது. நான் கேமராவைத் தூக்கினால் ஒருவர் கூரையைப் பார்க்கிறார், ஒருவர் கைக்குழந்தையின் முகத்தைத் துண்டால் மூடுகிறார், மாப்பிள்ளையின் அம்மா சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். “இங்க பாருங்க, ஒன்னும் ஆகாது” என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒன்றும் ஆகாது என்று எனக்கே நிச்சயமில்லை.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணைத் தனியாக ஒன்று எடுக்கப் போனேன். விரல் வைத்தேன், அழுத்தவில்லை. “நீயும் வேணும்னா கொஞ்சம் அங்கிட்டுப் பாத்துக்கம்மா” என்றேன். செல்வராணி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இன்னும் இருந்தது. அவள் மாலையை ஒதுக்கிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். அத்தனை பேர் நடுவிலும் லென்ஸை நேராகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“எடுங்கண்ணே. செவந்தா செவக்கட்டும்.”

ஃப்ளாஷை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும், எப்போது தாள் ஒட்ட வேண்டும் என்றெல்லாம் யார் கேட்டாலும் இன்று சொல்லிக்கொடுப்பேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தபோது நான் ஏன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.