கதவு வாங்க வந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் சவூதியிலிருந்து திரும்பியதும், கல்முனைக்குடியில் எனக்குச் சீதனமாக வந்த பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடிவீடு கட்ட முடிவு செய்தோம். பழைய வீட்டின் கதவு, நிலைகளை வாங்க நிந்தவூரிலிருந்து ஒரு மர வியாபாரி வந்தார். வெயிலில் வந்தவர், நடு அறையின் தடித்த சுண்ணாம்புச் சுவரில் கைவைத்தபடி சற்று நேரம் நின்றார்.

“தங்கச்சி, எங்கட உம்மாட வீட்டையும் இப்படித்தான் கழட்டி வித்தன். இப்ப கட்டின வீட்டுல மத்தியானம் ஒருத்தரும் உள்ளுக்க இரிக்கிறல்ல. இத நான் வாங்கமாட்டன்.”

“நீங்க வாங்காட்டி வேற ஆள் வாங்கும்,” என்றார் என் கணவர்.

“ஓம், வாங்கும்,” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார்.

அன்று பகல் அந்த அறையில் நாங்கள் படுத்திருந்தோம். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, “இத இடிக்காம, பின்னுக்கு ரெண்டு அறை மட்டும் கட்டுவம்,” என்றார் கணவர்.

வீடு பழையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது குளிர்ச்சியானது என்பதை அன்றுதான் கவனித்தேன்.